ஒரு விக்கெட் 1 கோடியே 39 லட்சம்

2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை. ஃப்ரீமாண்ட் வீட்டில் காலை காபியோடு வாட்ஸ்அப் குரூப்பில் உட்கார்ந்திருந்தேன். சென்னை சூப்பர் கிங்ஸ் அந்த சீசனின் கடைசி மேட்சை அப்போதுதான் ஆடி முடித்திருந்தது. அகமதாபாத்தில் குஜராத்தை அடித்து நொறுக்கியும் பட்டியலில் பத்தாவது இடம். 14 மேட்சில் 4 வெற்றி. ஐபிஎல் ஆரம்பித்ததிலிருந்து சென்னை கடைசி இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. குரூப்பில் எல்லாரும் கடுப்பில் இருந்தார்கள். நானும்தான். விடிகாலை 3 மணிக்கு எழுந்து மேட்ச் பார்த்தவன் வேறு எப்படி இருப்பான்?

கால்குலேட்டரைத் திறந்தேன். 9.75 கோடி, வகுத்தல் 7. "அஷ்வின் கணக்கு: ஒரு விக்கெட் 1 கோடியே 39 லட்சம், ஜிஎஸ்டி தனி" என்று தட்டி அனுப்பினேன். சிரிப்பு பொம்மைகள் கொட்டின. நான் போட்ட மொக்கைகளிலேயே அன்றைக்குத்தான் அதிக வரவேற்பு.

பெருமையாகத் தங்கமணியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "உங்க மேனேஜரும் உங்களுக்கு அப்ரைசல் பண்ணும்போது இப்படித்தான் வகுத்துப் பார்ப்பானா?" என்றாள். ஹிஹி என்று வழிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஆகஸ்ட் 27 அன்று (எங்களுக்கு 26 ராத்திரி) அஷ்வின் ஐபிஎல்லிலிருந்தும் ஓய்வு என்று அறிவித்தார். அதே குரூப். அதே ஆட்கள். "நன்றி அஷ் அண்ணா", "லெஜண்ட்", "இனி இப்படி ஒருத்தன் வரமாட்டான்". கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக. நானும் ஒன்று போட விரல் வைத்தேன். அதற்குள் யாரோ குரூப்பில் அஷ்வின் என்று தேடி, என்னுடைய பழைய கணக்கை மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள். நன்றி அறிவிப்புகளுக்கு நடுவே என் ஜிஎஸ்டி ஜோக் பல்லிளித்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு நான் எதையும் அனுப்பவில்லை. அதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். 2025ல் அஷ்வின் நன்றாகப் போடவில்லை. 9 மேட்ச், 7 விக்கெட், ஓவருக்கு 9 ரன்னுக்கு மேல். 38 வயது. சேப்பாக்கம் பிட்ச் பழையபடி சுழலவில்லை, எங்களுக்கு ஹோம் அட்வான்டேஜே இல்லை என்று கோச் ஃப்ளெமிங்கே புலம்பினார். ஆனால் அதே அணியில் நூர் அஹமது 24 விக்கெட் எடுத்தாரே. ஆகவே "அஷ்வினை உட்கார வை" என்று கத்திய ரசிகனிடம் எனக்குச் சண்டை கிடையாது. காசு கொடுத்து, தூக்கத்தைக் கெடுத்துப் பார்ப்பவனுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. என் சண்டை என்னோடுதான். உட்கார வை என்று சொல்வது வேறு. நான் அதைச் சொல்லவில்லை. பில் போட்டேன்.

இங்கே வளைகுடாப் பகுதியில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நான் 2008ல் இங்கே வந்தேன். பேஸ்பால் ஒரு மண்ணும் புரியாது. எங்கள் டீமில் ஒரு பெரியவர், வெள்ளைக்காரர், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு சீசன் டிக்கெட் வைத்திருந்தவர், என்னை ஒருநாள் அழைத்துப் போனார். அன்றைக்குப் பந்து எறிந்தவர் டிம் லின்சிகம். ஒல்லிப் பையன், நீள முடி, பார்த்தால் காலேஜ் வாசலில் நிற்கிறவன் மாதிரி இருப்பார். உடம்பையே வில்லாக வளைத்து எறிவார். 2008, 2009 இரண்டு வருஷமும் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான். 2010ல் அந்த அணி உலகத் தொடரை வென்றது. 1958ல் நியூயார்க்கிலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தபிறகு அதுதான் முதல் பட்டம். கடைசி ஆட்டத்தில் 8 இன்னிங்ஸ் எறிந்து 10 பேரை அவுட்டாக்கினார்.

அப்புறம் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வேகம் குறைந்தது. 2012ல் 15 ஆட்டம் தோற்றார். அப்படியும் 2013 கடைசியில் ஜயன்ட்ஸ் அவருக்கு இரண்டு வருஷத்துக்கு 35 மில்லியன் டாலர் கொடுத்தது. இடையில் அத்தி பூத்தாற்போல், எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் இரண்டு ஆட்டங்களை முடித்தார், 2013ல் ஒன்று, 2014ல் ஒன்று. மற்ற நாட்களில் அடி வாங்கினார். நான் நம்ம ஊர் புத்தியில் அந்தப் பெரியவரிடம் கேட்டேன், "இந்த ஆளுக்கு 35 மில்லியன் தண்டம் இல்லையா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "2010ல் நான் அழுதேன். அதுக்கு இன்னும் பாக்கி இருக்கு" என்றார். 2015ல் இடுப்பு ஆபரேஷன், அடுத்த வருஷம் ஆனஹைம் அணிக்குப் போய் 9 ஆட்டத்தில் கந்தலாகி, காணாமல் போனார் லின்சிகம். 2019 செப்டம்பர் 29ல் கோச் புரூஸ் போச்சியை வழியனுப்பும் விழாவில் திடீரென்று மைதானத்துக்குள் நடந்து வந்தார். அந்தச் சத்தத்தை டிவியில் கேட்டபோதே எனக்குப் புல்லரித்தது.

உடனே "அமெரிக்காக்காரன் எவ்வளவு நல்லவன் பாரு, நாமதான் மோசம்" என்று நான் கிளம்பப் போவதில்லை. அதே அணி, அதே ரசிகர்கள், பேரி ஜீட்டோ என்ற இன்னொரு பிட்சரை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா? பக்கத்து ஓக்லண்டில் பெரிய ஆளாக இருந்தவர். 2006 கடைசியில் ஏழு வருஷத்துக்கு 126 மில்லியன் டாலர் கொடுத்து ஜயன்ட்ஸ் வாங்கியது. சரியாக எறியவில்லை. வருஷக்கணக்கில் ஊளையிட்டார்கள். 2010ல் பட்டம் வென்றபோது பிளேஆஃப் அணியிலேயே அவரைச் சேர்க்கவில்லை. 2012ல் தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் செயின்ட் லூயிஸில் அணியைக் காப்பாற்றி, உலகத் தொடரின் முதல் ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தார். அதனால் 2013ல் போகும்போது எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதாவது, இங்கேயும் இரண்டு தராசு இருக்கிறது. வீட்டில் வளர்ந்தவனுக்கு ஒன்று, விலைக்கு வாங்கினவனுக்கு ஒன்று. சரியோ தப்போ, அதில் ஒரு நியாயம் புரிகிறது. எனக்குப் புரியாதது, அஷ்வின் விஷயத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்ததுதான். மாம்பலத்துப் பையன். எஸ்.எஸ்.என். காலேஜில் ஐ.டி. படித்த இன்ஜினியர் (நம்மில் பாதிப் பேர் மாதிரி, ஆனால் அவர் உருப்படியான வேலைக்குப் போனார் :-)). சென்னையிலேயே ஐபிஎல் ஆரம்பித்தவர். 2010, 2011 இரண்டு கோப்பையிலும் இருந்தவர். நமக்கு லின்சிகம் அவர். அவரை ஜீட்டோவாக்கிப் பார்த்தோம்.

2011 ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? மே 28, சேப்பாக்கம், எதிரே பெங்களூர், அந்த சீசனில் பேய் மாதிரி அடித்துக்கொண்டிருந்த கிறிஸ் கெயில். தோனி முதல் ஓவரையே அஷ்வினிடம் கொடுத்தார். அந்த ஓவரிலேயே கெயில் பூஜ்யத்துக்கு அவுட், தோனி கையில் கேட்ச். இங்கே சனிக்கிழமை காலை. சன்னிவேலில் ஒரு நண்பனின் அபார்ட்மென்டில் பன்னிரண்டு பேர் கூடிக் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அந்தப் பெரியவர் 2010ல் அழுத மாதிரிதான் நான் அன்றைக்கு. அந்தப் பாக்கியைத்தான் 2025ல் ஏழால் வகுத்தேன்.

நான் ராமகுப்பத்துக்காரன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்தூர் மாவட்டம், குப்பம் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடமும் காதில் விழும். "மனகு ஹைதராபாத் டீம் உந்தி கதரா, நீக்கு சென்னை எந்துக்கு?" என்று கூடப் படித்தவர்கள் இன்றைக்கும் கேட்பார்கள். குண்டூர் ராயுடு சென்னைக்கு ஆடினபோதுதான் கொஞ்சம் வாயை மூடினார்கள். (ராயுடு 2023ல் கோப்பையோடு கிளம்பினார். அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்க்காது.) சென்னை எனக்குப் பிறந்த ஊர் கிடையாது, நானாகப் பிடித்துக்கொண்ட ஊர். அப்படிப் பிடித்துக்கொண்டவனே பில் போட்டால், தி.நகர்க்காரன் என்ன செய்யமாட்டான்?

சரி, ஏன் தலைகீழாச்சு? எனக்குத் தோன்றுவது இதுதான். 2015க்குப் பிறகு அஷ்வின் புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று சுற்றினார். அவராகப் போகவில்லை, சென்னைக்கு இரண்டு வருஷம் தடை, அப்புறம் ஏலம். பத்து வருஷம் கழித்து, 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் 9.75 கோடிக்குத் திரும்ப எடுத்தபோது "வீட்டுக்கு வந்துட்டான்டா" என்று குதித்தோம். நானும் குதித்தேன். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் எதிர்பார்ப்பதையும், கடையில் வாங்கின சாமானிடம் எதிர்பார்ப்பதையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்தோம். நன்றாகப் போட்டிருந்தால் "எங்க பையன்". போடாததால் "எங்க காசு". அந்தக் காசில் ஒரு பைசா நம்முடையது இல்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோனி ரசிகர்கள் கல்லை எடுக்க வேண்டாம், நானும் அந்தக் கோஷ்டிதான். அதே 2025 சீசனில் தோனிக்கு 43 வயது, 4 கோடி. 13 இன்னிங்ஸில் 196 ரன். ஒரு ரன் 2 லட்சத்துக்கு மேல் வருகிறது. இந்த வகுத்தலை நான் இன்றைக்குத்தான், இதை எழுதும்போதுதான் முதல்முறை செய்கிறேன். மே மாதம் அந்தக் கால்குலேட்டர் கையில்தான் இருந்தது, அந்தப் பக்கம் விரலே போகவில்லை. மார்ச் 28ல் பெங்களூர் 2008க்கு அப்புறம் முதல்முறையாக சேப்பாக்கத்தில் நம்மை ஜெயித்த மேட்சில், அஷ்வின் எட்டாவதாக இறங்கி அவுட் ஆனபிறகுதான் தோனி ஒன்பதாவதாக வந்தார். 16 பந்தில் 30 அடித்தார். மேட்ச் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது, ஆனாலும் நமக்கு அன்றைய சந்தோஷம் அதுதான்.

ஜடேஜா கதையும் இதே கதைதான். தான் அவுட் ஆவதற்காகத்தான் கூட்டம் காத்திருக்கிறது, அப்போதுதான் தோனி வருவார் என்று 2023ல் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அதே சீசன் ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்குப் பதிலாக அவரை ராஜஸ்தானுக்கு அனுப்பியாகிவிட்டது. எங்கள் குரூப்பில் இரண்டு நாள் சோகம், மூன்றாம் நாள் சாம்சன் எந்த இடத்தில் இறங்குவார் என்ற விவாதம்.

பவுலராகப் பிறந்தால் இதுதான் என்று சில சமயம் நினைப்பேன். பேட்ஸ்மேன் தள்ளாடினால் கூட ஒரு சிக்ஸ் அடித்துவிட்டால் நமக்குப் பழைய படம் முழுக்க ஓடிவிடும். பவுலர் அடிவாங்குவது 24 பந்தும் கண்ணெதிரே தெரியும், ஒளிய இடம் கிடையாது.

"ஏன் போறார்னு கேட்கும்போதே போயிடணும்" என்று ஒரு வசனம் நம்மிடம் ரெடியாக இருக்கும். அஷ்வின் டெஸ்ட்டில் அதைத்தான் செய்தார். 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக 113 ரன்னும், இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட்டும். அடுத்து நியூசிலாந்து தொடரில் 3 டெஸ்டில் 9 விக்கெட்தான். இந்தியா சொந்த மண்ணில் 0-3 என்று தோற்றது. அவர் இடத்துக்கு வந்த வாஷிங்டன் சுந்தரும் நம்ம சென்னைப் பையன்தான். டிசம்பர் 18ல், பிரிஸ்பேன் டெஸ்ட் மழையில் டிரா ஆன அன்றைக்கு, 106 டெஸ்ட் 537 விக்கெட்டோடு ரோஹித் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பினார். உடனே என்ன சொன்னோம்? தொடர் நடுவில் போகலாமா, முடிந்தபிறகு சொல்லக்கூடாதா? கவாஸ்கரே அப்படித்தான் கேட்டார். டிசம்பரில் ஏன் சீக்கிரம் போனாய், மே மாதம் ஏன் இன்னும் போகவில்லை! ஐந்து மாதத்தில் இரண்டு குற்றச்சாட்டும் ஒரே ஆள் மேல்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. வாய் நிற்காது. சீசன் நடக்கும்போதே அவர் யூடியூப் சேனலில் சென்னை அணித் தேர்வைப் பற்றி யாரோ பேசி, அது பிரச்சினையாகி, சென்னை மேட்ச்களைப் பற்றியே பேசமாட்டோம் என்று நிறுத்தினார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் 2019ல் பட்லரை ரன் அவுட் செய்தபோது உலகமே திட்ட, "ரூல்ல இருக்கு, செஞ்சான்" என்று இதே வாய்க்காகத்தானே நாம் வக்காலத்து வாங்கினோம்?

இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ராமகுப்பத்தில் எங்கள் கார்க் பால் டீமில் ஓர் அண்ணன் இருந்தார். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. ஞாயிறு லீவுக்கு வி.கோட்டா வழியாக பஸ் பிடித்து வந்துவிடுவார். எங்களுக்குப் பந்தைப் பிடிக்கவே கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தவர், முப்பத்தைந்து தாண்டியதும் மூச்சு வாங்கியது (சுரங்கத் தூசியும் காரணமாக இருக்கும், அப்போது எங்களுக்கு அது தெரியாது). ஸ்லோவாகப் போட ஆரம்பித்தார், வெளுத்தார்கள். சங்கராந்திக்குக் குப்பத்தில் ஒரு டோர்னமென்ட். அவரை எடுக்கவேண்டாம் என்று முடிவு செய்தோம். யார் சொல்வது? யாருக்கும் தைரியம் இல்லை. அன்றைக்கு விடிகாலையில் டிராக்டரில் ஏறிப் போய்விட்டோம். அவர் வழக்கம்போல முதல் பஸ்ஸில் ஷூ பையோடு வந்து, பஸ் ஸ்டாண்டில் மதியம் வரை காத்திருந்ததாக அம்மா ராத்திரி சொன்னாள்.

டோர்னமென்டை நாங்கள் ஜெயித்தோம். இதையும் மறைக்கக்கூடாது. அவர் இருந்திருந்தால் தோற்றிருப்போம், இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகமில்லை. அடுத்த ஞாயிறு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பந்தை எடுக்காமல் போய் அம்பயர் இடத்தில் நின்றுகொண்டார். அதற்கப்புறம் அம்பயர்தான். 2001 பிப்ரவரி 28ல் தங்கவயல் சுரங்கத்தையே மூடினார்கள். அண்ணன் ஊரோடு வந்துவிட்டார்.

அவர் வந்த புதிதில் ஊரில் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு செட்டில்மென்ட் வந்துச்சு?

நம் எல்லோரிடமும் ஒரு திட்டம் இருக்கிறது. பையன் காலேஜ் போனதும், வீட்டுக் கடன் முடிந்ததும், கடைசி கொஞ்ச வருஷம் ஊரில். கையில் வேலை இருக்கும்போதே போகவேண்டும், நாலு பேருக்கு உபயோகமாக இருக்கவேண்டும் என்றெல்லாம் பேசிக்கொள்கிறோம். அஷ்வின் 38 வயதில் சேப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தது அந்தத் திட்டம்தானே? வெளியூரெல்லாம் ஆடிவிட்டு, கடைசியாக நம்ம ஊரில் ஆடலாம் என்று வந்தார். உடம்பு ஒரு சீசன் கூடத் தாங்கவில்லை. அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் சிட்னி தண்டர் அணிக்கு ஆட ஒப்பந்தம் போட்டார், முட்டிக் காயத்தில் அதுவும் போயிற்று. சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையில் அவர் ஆடிய கடைசி மேட்ச் அதுதான் என்று அன்றைக்கு அங்கே இருந்த ஒருத்தருக்கும் தெரியாது. ஜீட்டோவுக்குக் கிடைத்த கைதட்டல்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

2025 டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இருந்தார். எழுபதை நெருங்குகிறார், இருமல் விடவில்லை. அஷ்வினைப் பற்றி அவர்தான் ஆரம்பித்தார், கேரம் பாலை நடுவிரலால் எப்படிச் சுண்டுவது என்று டீக்கடை பெஞ்சில் எலுமிச்சம்பழத்தை வைத்து என் பையனுக்குக் காட்டினார். பையன் இங்கே லிட்டில் லீக்கில் பிட்சர். அவன் பதிலுக்கு பேஸ்பால் பிடியைக் காட்டினான். இரண்டு பேருக்கும் பொது மொழி பாதிதான், ஆனாலும் அரை மணி நேரம் ஓடியது.

அந்த சங்கராந்தியைப் பற்றிப் பேசிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். குப்பம் பஸ் வந்துவிட்டது.